பேர் இல்லாத பிள்ளைக்குப் பால் இல்லை

என் ஆசை சுபைதா லாத்தாவுக்கு,

நேற்று உங்கள் வீட்டில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். நெய்ச்சோற்றில் உப்பு தூக்கல். நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பீர்கள். நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இந்தப் பட்டுக்கோட்டைக்காரி வாயையே அடைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், பாருங்கள்.

சாப்பிடும்போது அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி மனைவி, அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடுகிற நான் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். தட்டு காலியாகிற வரைக்கும் சொல்லியும் பாதிகூடத் தாண்டவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அதில் என் பக்கம் நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்தது சுத்தமாகத் தெரியாது.

அந்த வருஷம் நினைவிருக்கிறதா லாத்தா? இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பி நின்றுவிடும் என்று அமெரிக்காக்காரன் பயந்து, அந்தப் பயத்தில் எங்களுக்கெல்லாம் ஹைதராபாத்தில் வேலை கிடைத்த வருஷம். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு மாடி வீடு, என் வீட்டுக்காரர் சேகருக்கு பேகம்பேட்டில் ஆபீஸ். ஏழாம் மாதத்தில் எனக்கு பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். நான் நினைவு திரும்பிக் கண்ணைத் திறந்தபோது, மகனைப் பற்றி இவர் சொன்ன முதல் செய்தி "மூச்சு விடுறான்" என்பதுதான். என்ன எடை, யார் ஜாடை என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

எனக்குப் பால் ஒழுங்காக ஊறவே இல்லை. பூண்டு தின்றேன், முருங்கைக்கீரையை மாடு மாதிரி மென்றேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டுதான் மருந்து என்று என் அம்மா ஊரிலிருந்து போனில் சொல்ல, சேகர் கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு செகந்திராபாத் மீன் கடைகளில் குட்டிச் சுறா கேட்டு அலைந்தார். கடைக்காரர்கள் சிரித்து அனுப்பினார்கள். ஊறிய சொட்டும் வற்றிப்போயிற்று. மாவுப் பாலைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக அவனுக்கு விட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்?

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. தோல் இழுபட்டுப் பளபளவென்று மினுங்கியது. மூக்குக் குழாயில் பச்சையாக ஏதோ வந்தது. துணியை விலக்கினால் ரத்தம். நான் அவன் கையைத் தொட்டேன், வழக்கமாக என் விரலைப் பிடிக்கிறவன் பிடிக்கவில்லை.

குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா வந்தார். தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பொறுமையாகத்தான் சொன்னார். குறைமாதப் பிள்ளையின் குடல் இன்னும் முதிரவில்லை, உள்பக்கத் தோல் சில இடங்களில் செத்துப்போகிறது, கிருமி அதற்குள் நுழைந்து குடல் சுவருக்குள்ளேயே காற்று சேர்கிறது, எக்ஸ்ரேயில் அது தெரிகிறது என்றார். பாலை முழுக்க நிறுத்திவிட்டு மருந்து ஏற்றினால் பல பிள்ளைகள் தேறிவிடும், குடலில் ஓட்டை விழுந்தால் அறுத்தே ஆகவேண்டும் என்றார். ஏன் வந்தது என்று கேட்டேன். மாவுப் பால் குடிக்கிறவர்களுக்குக் கூடுதலாக வருகிறது, தாய்ப்பால் குடிக்கிறவர்களுக்கும் வராமலில்லை, ஒரு பிள்ளைக்கு வந்து பக்கத்துப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதில் மாவுப் பால் என்பது மட்டும் என் காதில் ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் பறந்துவிட்டது.

அப்புறம் காத்திருப்பு. ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு நாடாவை வைத்து அவன் வயிற்றுச் சுற்றளவை அளப்பார். மறுபடி எக்ஸ்ரே, மறுபடி நாடா. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிஸ்டர் முகத்தையே பார்ப்பேன். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது, பேச்சில் எல்லாம் கலந்து வரும், 'ஏன்' என்பதற்கு ஹைதராபாத் ஹிந்தியில் 'கைக்கு' என்பார். "கைக்கு மா அழுறே? டேப் ஏறலே இல்ல, போய் உக்காரு" என்பார். நாடா ஏறாத வரைக்கும் அது ஆறுதல்தான்.

ஒருநாள் மத்தியானம் நாடா ஏறியது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வேகமாக நடந்து வந்தார். எக்ஸ்ரேயில் காற்று குடலை விட்டு வெளியே வந்திருந்தது. ஓட்டை விழுந்துவிட்டது. கையெழுத்துப் போட இவர் ஆபீஸிலிருந்து ஓடிவந்தார். உள்ளங்கை அகல வயிற்றுக்குள் கத்தி வைக்கப் போகிறார்கள். வெளியே வந்த டாக்டரம்மா, செத்த பகுதியை எடுத்தாயிற்று, மிச்சமிருப்பது பிழைக்கப் போதும், ஆனால் மட்டுமட்டாகத்தான் போதும் என்றார். குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்திருந்தார்கள். மலம் அந்த வழியாக ஒரு சின்னப் பைக்குள் வரவேண்டும், உள்ளே ஆறிய பிறகு திரும்பச் சேர்த்துத் தைக்கலாம் என்றார்கள்.

நாட்கள் போயின. சாப்பாடு ரத்தக்குழாய் வழியாக ஏறியது. அதையும் ரொம்ப நாள் ஏற்ற முடியாதாம், கல்லீரல் கெட்டுக்கொண்டு வந்தது, கண் மஞ்சளாகிவிட்டது. வயிற்றுக்குப் பாலைப் பழக்கியே ஆகவேண்டும் என்று ஒரு துளி மாவுப் பால் விட்டுப் பார்த்தார்கள். வயிறு மறுபடி ஊதியது, மறுபடி பச்சை. உடனே நிறுத்தினார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொரு தடவை ஓட்டை விழுந்தால் வெட்டி எடுக்கக் குடல் இல்லை, எங்கிருந்தாவது தாய்ப்பால் கொண்டுவா என்றார்.

அதைக் கேட்டுவிட்டு முகம் கழுவப் போனேன் லாத்தா. அம்மாமார் அறைக்குப் பக்கத்தில் இருந்த கை கழுவும் தொட்டியில், கறுப்பு புர்கா போட்ட ஒரு பொம்பளை, எவர்சில்வர் கிண்ணத்திலிருந்து பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் நிறையத் தாய்ப்பால் சாக்கடைக்குள் போகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஹைதராபாத்துக்காரிக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில் சத்தமாகவே, "பாவி, அங்க ஒரு பிள்ளை சாகக் கிடக்கு, இங்க பாலை இப்படிக் கொட்டுறாளே, உருப்படுவாளா இவ?" என்றேன்.

நீங்கள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் திரும்பினீர்கள்.

"உருப்படுவேன் புள்ள. உனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கமா?"

எனக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போல இருந்தது. அதைவிடப் பால் முக்கியமாக இருந்ததால் நின்றேன். நீங்கள் அதிராம்பட்டினம் என்றீர்கள், பஸ் ஏறினால் அரை மணி நேரத்து ஊர். உங்கள் வீட்டுக்காரர் காதர் அண்ணனுக்கு சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் வேலை, எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் உள்ளே எடை ஏறக் காத்திருக்கிறாள், ஐந்தாவது பெட்டி என்றீர்கள். என் பிள்ளையைப் பற்றி நான் அழுதுகொண்டே சொன்னேன். பால் வேண்டும் என்று கேட்டேன். காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

நீங்கள் கேட்ட கேள்வி, "பிள்ளை பேரு என்ன?"

இன்னும் வைக்கவில்லை என்றேன். பெட்டியில் 'வளர்மதி குழந்தை' என்று என் பேரைத்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"அப்ப குடுக்க முடியாது."

லாத்தா, என் வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருப்பேன். அந்த வார்டில் பால் அதிகமாக இருக்கிறவர்கள் ஒரு பாத்திரத்தில் பீய்ச்சி வைப்பார்கள், இல்லாத பிள்ளைகளுக்கு சிஸ்டர்கள் எடுத்துக் கொடுப்பார்கள், யார் பால் யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் மட்டும் அந்தப் பாத்திரத்தில் ஒரு சொட்டு விட்டதில்லையாம். சிஸ்டர்கள் உங்களைப் பிடிவாதக்காரி என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பால் இருந்தும் கொடுக்காத ஒருத்தி என் முன்னால் நிற்கிறாள் என்பதுதான்.

நீங்கள் கோபப்படாமல் சொன்னீர்கள். "என் பாலைக் குடிச்சா அவன் என் மவன். எங்க மார்க்கத்துல அது பெத்தது மாதிரி. என் மவளுக்கு அவன் கூடப்பொறந்தவன். யாரு எவருன்னு தெரியாமக் குடுத்துட்டு, நாளைக்கு இது ரெண்டும் வளர்ந்து எங்கயாவது பாத்து ஒண்ணை ஒண்ணு கட்டிக்கிட்டா அந்தப் பாவம் யாருக்கு?"

"அவன் நாளைக்கு இருப்பானான்னே தெரியல. நீங்க அவன் கல்யாணம் வரைக்கும் போயிட்டீங்க!" என்று கத்தினேன்.

"போகணும்ல? பால் குடுக்குறவ வேற எங்க போவா?"

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. அவன் பிறந்த நாளிலிருந்து டாக்டர், சிஸ்டர், சேகர், நான், எல்லோரும் இந்த எக்ஸ்ரேயிலிருந்து அடுத்த எக்ஸ்ரே வரைக்கும்தான் போயிருந்தோம். அவனுக்கு மீசை முளைக்கும், ஒரு பெண்ணைப் பார்ப்பான், கல்யாணம் கட்டுவான் என்று முதன்முதலாக ஒரு வாய் சொல்லிக் கேட்டேன். அதையும் ஒரு சங்கடமாகச் சொன்னீர்கள், அதுதான் என்னை உலுக்கியது. நடக்காதென்று நினைக்கிற ஒன்றுக்கு யாராவது சங்கடப்படுவார்களா?

அதோடு விட்டீர்களா? புருஷனிடம் கேட்க வேண்டும் என்றீர்கள். பட்டறைக்குப் பக்கத்திலிருந்த டீக்கடைக்குப் போன் போட்டு ஆளை வரச்சொன்னீர்கள். இவரையும் நான் வரவழைத்தேன். நாங்கள் தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். பேகம்பேட் விமானம் ஒவ்வொன்றும் தலைக்கு மேலே போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே என் பிள்ளை கண் மஞ்சளாகக் கிடக்கிறான், இந்த அம்மா புருஷனிடம் உத்தரவு வாங்குகிறாளாம் என்று மனதுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா நடுவில் வந்து உங்கள் பிரசவத்து ரத்தப் பரிசோதனையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தத் தொற்றும் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் நீங்கள் அசையவில்லை.

முதலில் வந்தது சேகர். பேர் வைக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியாக ஜன்னலோரம் கூட்டிப்போய், "வேண்டாம் வளர். பேர் வச்சுட்டா அப்புறம் என்னால தாங்க முடியாது" என்றார். அதுவரை வேலை வேலை என்று ஆபீஸுக்கு ஓடுகிறார், கல்லு மனசு என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த மனுஷன் பேர் சொல்லி அழ வேண்டிய நாளை நினைத்துப் பயந்துதான் ஓடிக்கொண்டிருந்தார் என்று. எனக்கும் அதே பயம்தான். நாங்கள் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவேயில்லை.

சாயங்காலம் காதர் அண்ணன் வந்தார். காக்கிச் சட்டை முழுக்க எண்ணெய்க் கறை, கையை வெளியே வைத்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நீங்கள் எழுந்துபோய் அவரிடம் தணிந்த குரலில் சொன்னீர்கள். அவர் ஒரு நிமிஷம் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் வந்து, எனக்குச் சம்மதம், உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமா, நாளைக்கு நாம எங்கே இருந்தாலும் இதை மறக்கக் கூடாது, பிள்ளைக்கும் சொல்லி வளர்க்கணும் என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

"பையன் பேரு என்ன தம்பி?"

சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"செழியன்" என்றேன்.

யாரையும் கலந்துகொள்ளவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்ததென்றும் தெரியாது. வாய் தானாகச் சொல்லியது. சேகர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் உங்கள் பக்கம் திரும்பி, "சுபைதா, செழியன். சேகர், வளர்மதி மவன். மனசுல வச்சுக்க" என்றார். நீங்கள் பேரை ஒருதடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தீர்கள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனீர்கள்.

சில சொட்டுதான் முதல் பால். ஸ்டெல்லா சிஸ்டர் ஊசிக்குழலில் எடுத்து மூக்குக் குழாயில் மெதுவாக விட்டார். அடுத்த வேளைக்கு முன்னால் அதே குழலால் இழுத்துப் பார்ப்பார்கள். வயிறு செரித்திருந்தால் ஒன்றும் வராது. பச்சையாக வந்தால் எல்லாம் போச்சு. அந்த இழுக்கிற நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன், நீங்கள் திறந்துவைத்துப் பார்ப்பீர்கள். "ஒண்ணும் வரல" என்று நீங்கள் சொன்னால்தான் திறப்பேன்.

அடுத்த நாள் நீங்கள் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். குழலுக்குள் இளம்பச்சை. பாலை நிறுத்திவிட்டார்கள். நாடா மறுபடி வந்தது, எக்ஸ்ரே மறுபடி வந்தது. உங்கள் மார்க்கக் கணக்கில் ஐந்து தடவை குடித்தால்தான் மகன் என்று முன்னமே சொல்லியிருந்தீர்கள். அதற்கு முன்னாலேயே பால் நின்றுவிட்டது. அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவன் முழுசா என் மவனா ஆகாமப் போயிடுவானோன்னு பயமா இருக்கு புள்ள" என்று சொல்லி அழுதீர்கள். பிடிவாதக்காரி அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அவன் போய்விட்டால் அழ இன்னொரு அம்மாவும் இருக்கிறாள் என்று எனக்கு அப்போது பட்டது. அதில் ஏன் எனக்கு அவ்வளவு தெம்பு வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. காற்று இல்லை, ஓட்டை இல்லை. வயிறு கொஞ்சம் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான், ஓய்வு கொடுத்துத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதற்குள் உங்கள் மகள் ரஹ்மத்துக்கு எடை ஏறி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். பச்சைப் பிள்ளைக்காரி, சனத்நகரிலிருந்து யார் வருவார்கள்? மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். இடுப்பில் துணியில் சுற்றிய ரஹ்மத், கையில் ஐஸ் போட்ட தெர்மாஸ். "என்ன புள்ள முழிக்கிற, மவனைப் பாக்க வந்தேன்" என்றீர்கள்.

அன்றைக்கு இழுத்தபோது ஒன்றும் வரவில்லை. மறுவேளையும் வரவில்லை. பயந்து பயந்து ஐந்து தாண்டியது. அன்று சாயங்காலம் கண்ணாடிப் பெட்டிக்குக் குனிந்து, "செழியா, உம்மாடா" என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள், நான் கோபித்துக்கொள்வேனோ என்று. கோபமா? உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறமும் எத்தனையோ நாள் திகில்தான். ஒரு காய்ச்சல், ஒரு வீக்கம், பையைச் சுற்றித் தோல் வெந்துபோனது, எடை ஏறாமல் நின்றது. பல மாதம் கழித்துக் குடலைத் திரும்பச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த ஆபரேஷன் முடிந்து அவன் முதன்முதலாகச் சாதாரணப் பிள்ளை மாதிரித் துணியில் மலம் போனபோது நாம் இரண்டு பேரும் வார்டில் சிரித்த சிரிப்பில் மற்ற அம்மாக்கள் பயந்துவிட்டார்கள். அவனைக் காப்பாற்றியது கத்தியா, மருந்தா, பாலா என்று டாக்டரம்மாவிடம் ஒருதரம் கேட்டேன். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கஷ்டம் என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நோன்பு நேரத்தில் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வந்ததும், பொங்கலுக்குக் கரும்பு உங்கள் வீட்டுக்குப் போனதும், அவனும் ரஹ்மத்தும் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்லி நம் இருவரையும் முட்டாளாக்கியதும். எந்தச் சாப்பாடு கொடுத்தாலும் ரஹ்மத் "நக்கோ" என்பாள், அவன் அவள் தட்டையும் சேர்த்துக் காலி செய்வான். குறைந்த குடலை வைத்துக்கொண்டு இந்தத் தீனியா என்று நீங்கள் திட்டுவீர்கள், திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பீர்கள்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

காலையில் அண்ணன் போன் செய்தார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் ஓடிவந்தோம். உங்களைக் குளிப்பாட்டி, வெள்ளைத்துணி உடுத்திக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. நான் பெண்களோடு உள்ளே உட்கார்ந்தேன். ரஹ்மத் உங்கள் தலைமாட்டில் கல் மாதிரி இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, யார் தொட்டாலும் பேசவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்த உங்கள் தாய்மாமன், மாமு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர், கண்டிப்பானவர். அன்னிய ஆண்கள் மய்யித்தாகிவிட்ட பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று வந்தவர்களையெல்லாம் வெளியே நிறுத்திக்கொண்டிருந்தார். சேகர் தெருவிலேயே நின்றுவிட்டார். செழியன் மட்டும் வாசல்வரைக்கும் வந்துவிட்டான். போன வருஷம் என்றால் சின்னப் பையன் என்று விட்டிருப்பார்கள். இந்த வருஷம் ஆள் நெடுநெடுவென்று வளர்ந்து, உதட்டுக்கு மேலே கறுப்பு விழுந்து, ஆம்பிளைக் கணக்கில் வந்துவிட்டான். மாமு கையை நீட்டி மறித்தார். அவன் நெற்றியில் என் மாமியார் இட்டுவிட்ட விபூதி இருந்தது. யார் என்ன என்று அவர் கேட்க, இவனுக்கு வாயில் எந்தப் பாஷையும் வரவில்லை.

எனக்கு உள்ளேயிருந்து கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அது உங்கள் வீட்டுத் துக்கம், உங்கள் ஆட்களின் முறை. கொடுத்த வாக்கு நம் நாலு பேருக்குள் இருந்தது. ஊருக்கு அது தெரியுமா, தெரிந்தாலும் ஒப்புக்கொள்வார்களா? மூடப்போகிறார்கள், நேரமாயிற்று என்று யாரோ சொன்னார்கள். துணியின் நுனியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழுது அழுது அவருக்குக் குரலே இல்லை.

"மாமு, அவன் சுபைதாவோட பாலைக் குடிச்சவன்."

அந்தப் பெரியவர் கையை எடுத்தார். விபூதியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கஷ்டப்பட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மவனை நிறுத்தி வச்சுட்டேனே. போ வாப்பா, உம்மாவைப் பாரு."

துணியைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவன் வந்து உங்கள் தலைமாட்டில் ரஹ்மத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். ரஹ்மத் தலையைத் தூக்கினாள். "கைக்கு இத்தா லேட் ஆயா?" என்றாள். ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தாய் என்று கேட்டாள், லாத்தா. கேட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். அவன் அவளை விடவேயில்லை. அத்தனை பெண்கள் இருந்தார்கள், ஒருவரும் அவனைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. பிறகு அவன் குனிந்து உங்கள் நெற்றியில் முத்தமிட்டான். வாசலுக்கு வெளியே நின்ற என் புருஷனுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் பெற்ற பிள்ளை தன் தாய்க்கு அழுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ரஹ்மத் இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள். அண்ணன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அவள் பள்ளிக்கூடம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வருகிறாள், இரண்டும் சண்டை போடுகின்றன, எனக்குத் தலைவலி வருகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ரஹ்மத்துக்கு நிக்காஹ் பேச வருகிறவர்களிடம், அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று முதல் வார்த்தையாகச் சொல்வோம். நாளைக்குப் புகுந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறை என்றால் அவன் போய்க் கேட்பான். என் மருமகளாக வருகிறவளுக்கு ரஹ்மத் நாத்தனார் என்று தாலி ஏறும் முன்னே சொல்லிவிடுவேன். பிடிக்கவில்லை என்றால் அப்போதே போய்க்கொள்ளட்டும். நான் இல்லாத காலத்திலும் இது மாறாது, செழியன் அதை என்னிடம் சொல்லிவிட்டான். தமிழிலேயே சொன்னான்.

உங்கள் மகனைப் பெற்றவள்,
வளர்மதி